நான்காம் புள்ளியில் இரண்டு சொட்டு

கலங்கிய தட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தெளிவு. நான் முதலில் கண்டது அதைத்தான்.

அதைச் சொல்லுமுன், என் நடுக்கம் பார்த்துத் தண்ணீர்த் தம்ளரை என் பக்கம் நகர்த்திவைத்த தலைவர், தலைமை மருத்துவர் அவர்களே, எதையும் இருமுறை சரிபார்க்கும் ஆய்வகத்துப் பெரியோர்களே, நோயாளியின் முனகலிலும் பெயரறியும் செவிலியத் தாய்மார்களே, வாளியை ஓரம் வைத்துவிட்டு வந்திருக்கும் என் அக்காமார்களே, முன்வரிசையில் கால் நீட்டி அமர்ந்திருக்கும் லிஃப்ட் அண்ணன் அவர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

பின்னால் கேட்கவில்லையா? மைக்கைக் கிட்டே இழுத்துக்கொள்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆய்வகத்தில் கண்ணாடி கழுவுகிறவள். மேடை எனக்குப் புதிது; தப்பு செய்வது புதிதல்ல. சிரியுங்கள், எனக்கும் உதறல் குறைகிறது.

நம்மையெல்லாம் மேலே ஏற்றி இறக்கிய அண்ணனின் பாதத்தில் ஐந்து மாதம் ஆறாத புண். அந்தக் கிருமி எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. வெள்ளிக்கிழமை பாதத்தை வெட்டி எடுப்பது என்று முடிவானது. சக்கர நாற்காலியில் வந்தவர், "பட்டனை அமுக்க கை போதும், கால் எதுக்கு?" என்றார். சிரித்தவர் யார்? அவர் மட்டும்தான்.

எங்கள் ஆய்வகத்து மேடம் மட்டும் விடவில்லை. கிருமியையே அழிக்கும் வைரஸ்கள் பன்னிரண்டை எடுத்தார். அண்ணன் புண்ணின் கிருமி வளரும் தட்டு கலங்கியிருக்கும். அதில் புள்ளிக்கு ஒரு வைரஸ், வைரஸுக்கு ஒரு சொட்டு. வைரஸ் வென்றால் அங்கே தெளியும். அன்று உதவியாளர் விடுப்பு. சொட்டுக் குழாய் என் கைக்கு வந்தது.

நான்காம் புள்ளியில் சொட்டு விட்டதும் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டுத் திரும்பியவள், மறந்துபோய் அதே நான்கிலிருந்து தொடங்கினேன். விட்ட பிறகுதான் நினைவு வந்தது. என்ன செய்தேன்? அந்தத் தட்டைக் கழிவுக் குவியலில் ஒளித்துவிட்டு, புதுத்தட்டில் ஒழுங்காகச் செய்து கொடுத்தேன்.

மறுநாள் காலை, ஒழுங்கான தட்டில் பன்னிரண்டும் கலங்கலாகவே இருந்தன. மேடம் நெற்றியைப் பிடித்தபடி அறைக்குள் போனார். நான் கழிவைக் கிருமி கொல்லும் கொதிகலனில் போட எடுத்தேன். ஒளித்த தட்டில், நான்காம் புள்ளி மட்டும் தெளிந்திருந்தது.

"என்னடி தட்டையே முறைச்சுப் பாக்குற?" என்றார் கூடக் கழுவும் அக்கா.

"நாலாவது தெளிஞ்சிருக்குக்கா. அதுல ரெண்டு தடவ விட்டுட்டேன்."

"வெளிய சொன்னா உன்னையும் தொட்டியில போட்டுக் கழுவிடுவாங்க. வாய மூடிட்டு வேலையப் பாரு."

அக்கா, தலை குனியாதீர்கள். என்மேல் உள்ள அக்கறையில்தானே சொன்னீர்கள்?

இரண்டாம் சொட்டில் என்ன இருந்தது? அதே வைரஸ்தான். பிறகு மேடம் விளக்கினார். கிருமிக்குள் காவல் உண்டு. நுழைகிற வைரஸின் டி.என்.ஏ. இழையை வெட்டும் கத்தரி அது. வைரஸ் சும்மா வருமா? கத்தரியின் வாயைக் கவ்வும் ஒரு சின்னப் புரதத்தைச் செய்யும் வித்தையோடு வருகிறது. ஆனால் முதலில் நுழைந்தது, போதுமான அளவு செய்து முடிப்பதற்குள் வெட்டுப்படுகிறது. தோற்றதா? தோற்றது. வீணானதா? இல்லை. அது விட்டுச்சென்ற புரதம் கத்தரியைக் கவ்விக்கொண்டே இருக்கிறது. காவல் தளர்ந்த அந்தச் சிறு நேரத்தில் அடுத்தது நுழைந்தால், கிருமி காலி. தாமதித்தால், காவல் தேறிவிடும். என் மறதி, சரியான நேரத்தில் வந்த மறதி.

அதன்பின் சிறு இடைவெளியில் அடுத்தடுத்துக் கொடுத்த வைரஸும் கூடவே கொடுத்த மருந்துமாகப் போராடினார்கள். இரண்டு கால்விரல்கள் போயின. பாதம் தப்பியது. அண்ணன் கை தூக்குகிறார், ஏதோ சொல்கிறார்... "செருப்பு இன்னும் ஜோடியாத்தான் வாங்குறேன்" என்கிறாராம்.

என்னைப் பேச அழைத்தவர்களுக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. ஒன்றை மட்டும் சொல்லி அமர்கிறேன்.

அந்தக் காலையில் என் கையில் தட்டு. ஒரு பக்கம் கொதிகலன். போட்டால் என் தப்பு ஆவியாகிவிடும். மறுபக்கம் மேடத்தின் கதவு. உள்ளே அவர் அறுவை அரங்குக்கு, "எங்களால முடியல, நீங்க எடுத்துடுங்க" என்று ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஈரக் கையை உடையில் துடைத்தேன். கதவைத் தட்டினேன். "மேடம், நேத்து நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று சொல்லி, தட்டை அவர் முன்னால் வைத்தேன்.