தகட்டைத் தொட்டது யார்?

தலைமையேற்றிருக்கும் மட்டாஞ்சேரி தமிழர் மன்றத் தலைவர் வெங்கிடாசலம் ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வேலை உடையோடு நேராக வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், அண்ணாச்சியின் துணைவியார் ஆவுடையம்மாள் மதினி அவர்களே!

ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் பிச்சைமணி பேசுகிறேன். முன்பு அதே ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூத்த சோதனையாளராக இருந்த பெருமதிப்பிற்குரிய சங்கரலிங்கம் அண்ணாச்சி நம்மை விட்டுப் போய் இன்றோடு பத்து நாள். அலுத்துப்போய் நிற்கிறேன். அழகாகப் பேச எனக்கு இன்று தெம்பில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நம் வீடுகளில் எரிந்த மண்ணெண்ணெயை நினைவிருக்கிறதா? திரி கருகும், சட்டி கறுக்கும், கண் எரியும். நாம் எல்லோரும் அதைத் தலையெழுத்து என்று விட்டுவிட்டோம். அண்ணாச்சி விட்டாரா? ரேஷன் கடை வரிசையில் நின்ற பெண்களிடமெல்லாம், "என்னம்மா, எண்ணெய் நாறுதா?" என்று கேட்டார். தோப்பும்படியில் உள்ள சாயாக்கடையில் கருகிப்போன அடுப்புத் திரியைக் காகிதத்தில் பொதிந்து கொண்டுவந்து பெரிய எஞ்சினீயர் மேசையில் வைத்தார். ஒரு முறையா வைத்தார்? ஐந்து வருடம் வைத்தார்! "சங்கரலிங்கம் வந்துபோனால் மேசையைக் கழுவ வேண்டியிருக்கிறது" என்று அந்த மனிதர் புலம்பியதை நானே கேட்டிருக்கிறேன். கந்தகத்தை நீக்கும் புதிய பிரிவு ஆலைக்கு வந்ததற்கு அண்ணாச்சி ஒருவர்தான் காரணம் என்று நான் அளக்க மாட்டேன். அதற்குக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. ஆனால் எழுபத்தெட்டில் அது ஓடத் தொடங்கிய அன்று, முதல் மாதிரியைச் சோதிக்கும் பொறுப்பு அவருக்குத்தான் வந்தது. அன்று புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்.

அந்த நாளைப் பற்றித்தான் தலைவர் ஐயா சற்றுமுன் சொன்னார். "எப்பேர்ப்பட்ட உழைப்பாளிக்கும் ஒரு நாள் கை தவறும், அந்த ஒரு பிழையை மறந்துவிடுவோம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஐயா, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சிக்கு மன்னிப்பு தேவையில்லை.

சோதனை எளிமையானது. ஒரு செம்புத் தகட்டைப் பளபளவென்று தேய்த்து, மண்ணெண்ணெயில் முக்கி, மூன்று மணி நேரம் சூட்டில் வைப்போம். எண்ணெயில் கெட்ட கந்தகம் இருந்தால் தகடு கறுக்கும். தேய்த்த தகட்டைக் கையால் தொடக் கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். வியர்வை பட்டாலும் கறுத்துவிடும்.

அன்று தகடு கறுத்தது. புதிய பிரிவை நிறுத்தினார்கள். நான்கு நாள் குழாய் குழாயாகக் கழற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை! மறுபடி சோதித்தார்கள், தகடு பளிச்சென்று வந்தது. பிறகு எல்லோரையும் நிறுத்தி மேலாளர் கேட்டார்: "தகட்டைக் கையால் தொட்டது யார்?"

"நான்தான் சார்" என்றார் அண்ணாச்சி.

தோழர்களே, அன்று தகட்டைத் தேய்த்துக் கொடுத்தவன் நான். இடுக்கியைத் தேடச் சோம்பல்பட்டு விரலால் எடுத்துப் போட்டவன் நான். எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டே வாரம் இருந்தது. அது அண்ணாச்சிக்குத் தெரியும். அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு நான் தரையைப் பார்த்தேன். வெளியே வந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "எடா பிச்சைமணி, இனிமேலாவது இடுக்கியை எடுத்துத் தொலைலே."

அதற்குப் பிறகு ஆறு மாதம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வாங்கிக் கொடுத்த சாயாவைத் தொடவில்லை. கோபமே அறியாத மகான் என்று அவரை ஆக்கிவிடாதீர்கள்! கோபம் இருந்தது. ஆனாலும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அவரை ஆய்வுக்கூடத்திலிருந்து தொட்டி முற்றத்துக்கு மாற்றினார்கள். எட்டு வருடம், வெயிலிலும் மழையிலும், உயரமான தொட்டிகளில் ஏறி எண்ணெய் மட்டத்தை அளந்துகொண்டிருந்தார். அவர் உட்கார வேண்டிய தலைமைச் சோதனையாளர் நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பது யார்? நான்! "சொல்லிவிடட்டுமா அண்ணாச்சி?" என்று நான் ஒரு தடவைகூட அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் சரி என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மதினி, உங்களிடமாவது சொல்லியிருப்பார் என்று நினைத்து என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சொல்லவில்லை என்பதை இப்போது உங்கள் முகத்தில் பார்க்கிறேன். "கவனமா இருந்திருக்கப்படாதா?" என்று நீங்கள் அவரைக் கடிந்துகொண்டதை உங்கள் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றபடி கேட்டவன் நான். உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

அண்ணாச்சியின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய எல்லோரும் உறுதி சொன்னீர்கள். டீசலிலும் கந்தகத்தைக் குறைக்க வேண்டும், அதற்காகப் போராட வேண்டும் என்றீர்கள். போராடுங்கள், நானும் வருகிறேன். அதற்கு முன் நான் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நடந்ததையெல்லாம் மேலாளருக்கு எழுதிவிட்டேன். கடிதம் இதோ. அண்ணாச்சியின் பணிப் பதிவேட்டில் உள்ள குற்றச்சாட்டை அடித்துவிட்டு என் பெயரில் எழுதச் சொல்லியிருக்கிறேன். இதைத் தலைவர் ஐயா இங்கேயே உரக்கப் படித்து, சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நாளைக் காலை முதல் படகில் இதை ஆலைக்குக் கொண்டுபோகிறேன். உங்களில் யாராவது ஒருவர் படகுத்துறைக்கு வந்து, நான் படகேறுகிறேனா என்று பாருங்கள். எட்டு வருடம் என்னை நானே நம்பிப் பார்த்தாயிற்று.