பின்சீட்டுக்கு நான்கு கோடு

டீ வேண்டாங்க ஐயா, வெந்நீர் போதும். பத்தொன்பது வருஷம் தேயிலைத் தூசிக்குள் நின்றவனுக்கு அந்த வாசனையே ஆகாமல் போய்விட்டது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் நவநீதன். குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தேன். அங்கே எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஸ்பேனர் போட்டு இறுக்கிய நட்டின் மேல், பக்கத்துத் தகடு வரைக்கும் நீட்டி, சாக்பீஸால் ஒரு கோடு போடுவோம். நட்டு இளகினால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். விரலால் மட்டும் திருகி விட்டதற்கு 'கை டைட்' என்று பெயர்; அதற்குக் கோடு கிடையாது. கோடு போட்ட நட்டை இன்னொருவன் தொட மாட்டான். தொட்டால், போட்டவனைப் பொய்யன் என்று சொன்னதாக அர்த்தம். இதற்காக அடிதடியே நடந்திருக்கிறது.

பச்சை இலைக்கு விலை விழுந்த வருஷம் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. இரண்டு ஃபிட்டரில் ஒருவன் போதும் என்றார்கள். யாரை வைத்துக்கொள்வது என்று மேனேஜர், இலையைத் தூளாக்கும் வேலை முழுவதையும் மேற்பார்க்கும் எங்கள் டீ மேக்கர் நல்லசாமியைக் கேட்டார். ஃபேக்டரிக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். நான் பக்கத்து அறையில் மெஷினுக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். தெளிவாகக் காதில் விழுந்தது.

"நவநீதன் வேலைய ஒருத்தர் பொறகால நின்னு பாக்கோணுமுங்க."

வேலை போனது எனக்குப் பெரிதில்லை. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். பாதி மலை திருப்பூருக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் அந்தப் பேச்சு இருக்கிறதே. என் கோட்டை ஒரு நாளும் ஒருவனும் தொட்டதில்லை. வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

நல்லசாமி தன் வீட்டுக் கொட்டகையில் ஒரு ஜீப் செய்துகொண்டிருந்தார். கோயம்புத்தூரிலிருந்து பாகம் பாகமாகப் பெட்டியில் வரும். கூட வரும் தாளைப் பார்த்து நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷமாகப் பூட்டினார். முன்னால் இரண்டு சீட்டு மட்டும்தான் அதில் வந்தது. பின்னால் ஒரு பெஞ்சு சீட்டு வேண்டும் என்று அவர் சம்சாரம் ஜானகி அம்மாவுக்கு ஆசை. அதைப் பொருத்த யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? என்னைத்தான். என்னை விட்டால் அந்த வேலைக்கு ஆளில்லையாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மூன்று நாள் வேலை. ஜானகி அம்மா தினமும் காப்பியும் வர்க்கியும் கொண்டுவந்து வைப்பார். நல்ல மனுஷி. புதுச் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்து, "ஊட்டுச் சோபாவாட்ட இருக்குதுங்க தம்பி" என்றார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெஞ்சுக்கு நான்கு போல்ட். மேலிருந்து இறக்கி, தரைக்கு அடியில் நட்டு இளகாமல் பிடிக்கும் ஸ்பிரிங் வாஷர் போட்டு, நட்டை ஸ்பேனரால் இறுக்க வேண்டும். நான் வாஷர் போடவில்லை. நான்கையும் கை டைட்டில் விட்டேன். விட்டுவிட்டு நான்கின் மேலும் கோடு போட்டேன். என் ஆயுசில் நான் போட்ட பொய்க் கோடு அந்த நான்குதான்.

நல்லசாமி டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தார். ஸ்பேனரை அவர் கைக்கெட்டும்படி நானே நகர்த்தி வைத்தேன். வாஷர் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தார், போதும் என்று எழுந்துவிட்டார்.

என் வேலையைப் பின்னால் நின்று பார்க்க வேண்டும் என்றவர்தானே? பார்த்திருக்கலாமே. ஒரு திருப்புத் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும். அங்கேயே என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். பார்க்கத் தேவையில்லை என்றால் மேனேஜரிடம் சொன்னது பொய். இரண்டில் ஒன்று. நான் வைத்தது ஒரு பரீட்சை, அவ்வளவுதான். தோற்றவர் அவர். எனக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம், இரண்டு வீட்டுக்கும் அழைப்பு இருந்தது. நல்லசாமி ஜீப்பை ஓட்ட, பக்கத்தில் ஜானகி அம்மா. பின்சீட்டில் என் மனைவி மகாலட்சுமி. நான் போகவில்லை. திரும்பி ஏறி வரும்போது, பர்லியாருக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில், பெஞ்சு பின்பக்கமாக மல்லாந்தது. பின்கதவு முழங்கால் உயரம்தான். பெஞ்சில் அப்போது உட்கார்ந்திருந்த ஜானகி அம்மா ரோட்டில் விழுந்தார். பின்னால் வந்த லாரியால் நிறுத்த முடியவில்லை. நல்லசாமிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நீங்கள் இதைக் கொலை என்கிறீர்கள். யார் விழுவார் என்று எனக்கு எப்படித் தெரியும் ஐயா? என் பெண்டாட்டியும் அதே சீட்டில்தானே மேட்டுப்பாளையம் வரைக்கும் போனாள்? கெட்ட எண்ணம் இருக்கிறவன் அதில் தன் பெண்டாட்டியை ஏற்றி அனுப்புவானா?

அவளும் உங்களிடம் ஏதோ சொன்னாளாம். சொல்லியிருப்பாள், அவளுக்குப் பொய் பேச வராது. இறக்கத்தில் நட்டு முழுவதும் கழன்று விழுந்தாலும் போல்ட் அதன் ஓட்டையிலேயே நிற்கும். பெஞ்சு முன்சீட்டின் மேல் சாய்ந்துகொண்டு பேசாமல் வரும். ஏற்றத்தில்தான் பாரம் பின்னால் போகும். பத்தொன்பது வருஷ ஃபிட்டருக்கு இது தெரியாதா? அதனால்தான் அன்று காலை அவளிடம் சொல்லி அனுப்பினேன்.

"போறப்ப பொறகால உக்காரு. வாரப்ப ஜானகியம்மாகிட்டக் கேட்டு முன்னால மாறிக்க. ஏத்தத்துல உனக்குத் தல சுத்தும்."

பதினாறு வருஷமாக அவள் இந்த மலையில் ஏறி இறங்குகிறாள். ஒரு நாளும் அவளுக்குத் தலை சுற்றியதில்லை.