என் பெயரின் மேல் ஒட்டிய சீட்டு

பயணம் போவதைவிட, போகத் திட்டம் போடுவதில்தான் எனக்குச் சுகம் அதிகம். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாள். நீங்களும் குடும்பத்தோடு எங்காவது போயிருப்பீர்கள். வண்டி நேரம் பார்த்தது யார், அறை பிடித்தது யார் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் எப்போதும் நான்தான்.

நாங்கள் நான்கு பேர். நான், என் மனைவியின் தம்பி, அவனுடைய பள்ளித் தோழனான பல் டாக்டர், எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர். பதினோரு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சேர்ந்து கோல்ஃப் ஆடுகிறோம். வெளிநாட்டில் மலைமேல் ஒரு மைதானம் இருக்கிறது. அங்கே ஆறாவது குழிக்குப் பந்தை ஒரு பெரிய பள்ளத்தாக்கின் குறுக்கே அடிக்க வேண்டும். அதன் படத்தை மச்சினன்தான் முதலில் காட்டினான். "மாமா, சாகறதுக்குள்ள ஒரு தடவை அங்க ஆடிடணும்" என்றான். சரி என்று வேலை முழுவதையும் என் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டேன்.

நான் நில அளவைக்காரன். அவ்வளவு உயரத்தில் காற்று லேசு, பந்து வழக்கத்தைவிடத் தூரம் போகும். ஆகவே ஒவ்வொருவரும் எந்த மட்டையால் எவ்வளவு தூரம் அடிக்கிறார்கள் என்று ஏழு மாதம் நாடா பிடித்து அளந்தேன். மலைக்கு ஏற்றபடி கணக்குப் போட்டு, ஆளுக்கொரு அட்டை அச்சடித்து, மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் ஒட்டி, நான்கையும் மச்சினனிடம் கொடுத்துவைத்தேன். மருந்துக்கடைக்காரர் என்னை 'வாத்தியார்' என்றே கூப்பிட ஆரம்பித்தார். கேலியைப் பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

கிளம்ப நான்கு நாள் இருந்தது. காலை பத்து மணிக்கு எங்கள் கார் ஷெட்டில் எல்லோருடைய மட்டைப் பைகளையும் கட்டிக்கொண்டிருந்தேன். மச்சினன் வந்து காரில் சாய்ந்துகொண்டு, தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களோட வந்தா பரீட்சைக்குப் போற மாதிரி இருக்குன்னு அவங்க ரெண்டு பேரும் சொல்றாங்க. டாக்டரோட அண்ணன் வர்றாரு. அவருக்கு டிக்கெட்கூட எடுத்தாச்சு."

"என் அட்டை?"

"அதையும் அவருக்கே கொடுத்துடலாம்னு... பேரை மட்டும் மாத்திட்டேன்."

எடுத்துக் காட்டினான். என் பெயரின் மேல் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. எனக்கு வலித்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அதைவிட அவனுடைய அறியாமைதான் பொறுக்க முடியவில்லை. அது என் தோளுக்கும் என் இடுப்புக்கும் போட்ட கணக்கு. இன்னொருவர் அதை நம்பி ஆடினால் ஆறாவது குழியில் ஒரு பந்துகூட அக்கரை சேராது. இதைப் பொறுமையாக விளக்கினேன். அவன் சிரித்தான்.

"போனா போகுது மாமா, பந்துதானே."

கையுறையை எடுத்து இடது கையில் மாட்டினேன். ஏழாம் எண் இரும்பு மட்டையை உருவினேன். அவன் குனிந்து தன் பையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். அடிப்பதற்கு முன் இரண்டு தடவை வெறுங்காற்றில் வீசிப் பார்ப்பது என் பழக்கம். அன்றும் வீசிப் பார்த்தேன். பிறகு அவன் காதுக்குப் பின்னால் அடித்தேன்.

உங்கள் அறிக்கையில் மூன்று அடி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு. அடித்த அடியைக் குறைத்துச் சொல்கிறவன் கோல்ஃப் ஆடவே லாயக்கில்லாதவன். இரண்டாவது அடிக்கு அவன் "அக்கா" என்றான், மெதுவாகத்தான். நான்காவதில் எலும்பு உள்ளே இறங்கியது கைப்பிடியில் தெரிந்தது. மிச்சம் இரண்டுக்கும் அவசியமே இல்லை, ஆனாலும் அடித்தேன். உள்ளேயிருந்து மனைவி, "என்னங்க சத்தம்?" என்று கேட்டாள். "பை கட்டுறோம்" என்றேன். மட்டையைத் துடைத்து அதன் இடத்தில் செருகினேன்.

ஒரு நொடி ஆத்திரம், அவ்வளவுதான். கொன்றது நான்தான், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என்னை வரவேண்டாம் என்று அவன் சொன்னதை என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள். தம்பிமேல் உயிரையே வைத்திருக்கிறாள். அவன் எனக்கு இப்படிச் செய்தான் என்று தெரிந்தால் தாங்கமாட்டாள்.