ராசா வேசம்

புத்தூர்ச் சந்தியில் பஸ் நின்றபோது, புகையிலைத் தோட்டத்துக் காற்றோடு இரண்டு பள்ளிக்கூடப் பெட்டைகள் ஏறி என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். யன்னலோரத்து நெட்டைப் பிள்ளை, நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்:

“ராசா வேசம் எனக்கு வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்.”

“உனக்கென்னடி விசரே? அந்த வேசத்துக்கெண்டு ஒரு மாதமாக் கிணத்தடியிலை நிண்டு பாடினனி. நாடகத்திலை நீதான் ராசா எண்டு கொம்மா ஊரெல்லாம் சொல்லித் திரியிறா.”

“ஓம். சங்கீத ரீச்சரும் என்னைத்தான் எடுத்தவ. எடுத்துப்போட்டு ஆர்மோனியப் பெட்டியையும் மூடிப்போட்டா. அப்பதான் கடற்கரையிலையிருந்து வாற செல்வி, பஸ் பிந்திப்போச்செண்டு மூச்சிரைக்க ஓடி வந்தவள். ‘சரி, சுருதி இல்லாமல் ஒண்டு பாடிப்போட்டுப் போ’ எண்டு ரீச்சர் ஒப்புக்குச் சொன்னா.”

“பாடினவளே?”

“ஐஞ்சு கட்டைச் சுருதியிலை எடுத்தாள். பாட்டு முடிய ரீச்சர் பெட்டியைத் திறந்து சுருதியை அமத்திப் பாத்தா. ஒரு நூலளவும் விலகேல்லையடி! எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு.”

“அதுக்கு நீ ஏன் வேசத்தை விட்டனி?”

“எனக்கெண்டு சொன்னதை ரீச்சர் எப்பிடி மாத்திறது? என்னைத்தான் பாத்தா. நான்தானே வாய் திறக்கவேணும்.”

“உன்ரை கோதாரி விழுந்த நியாயம்!”

பஸ் இரைந்துகொண்டு ஓடியது. திட்டியவளின் குரல் கொஞ்சம் தணிந்தது.

“அப்ப உனக்கு என்ன வேசம்?”

“வேசமில்லை. திரை இழுக்கிறன். அவள் பாடேக்கை அதைவிடக் கிட்ட நிண்டு கேக்க வேறை இடமில்லை.”