சண்முகவள்ளியின் கம்பியும் நாம் சிரித்த சிரிப்பும்

தலைமையேற்றிருக்கும் தோல் வணிகப் பெருந்தகை ரஹ்மத்துல்லா அவர்களே, தள்ளாத வயதிலும் தரையில் அமர்ந்திருக்கும் சான்றோரே, வடமதுரையிலிருந்தும் கன்னிவாடியிலிருந்தும் வண்டி கட்டி வந்திருக்கும் தாய்மார்களே, திண்டுக்கல்லின் திருமக்களே, வணங்குகிறேன். நிமிர்ந்து வணங்க முடியவில்லை, குனிந்தே வணங்குகிறேன்.

பம்பாயில் அணு உலைக்கான எஃகை ஆராயும் சகோதரி சண்முகவள்ளிக்குப் பாராட்டு விழா என்று சுவரெல்லாம் எழுதினோம். பாராட்ட நமக்கென்ன தகுதி?

வடமதுரை விவசாயி பெரியகருப்பனின் மகள் இவர். அணு உலைக் குழாய்க்கு ஏற்ற எஃகைக் கண்டறிய, இரண்டு எஃகுக் கம்பிகளை மின்சார அடுப்பின் அனலுக்குள் நிறுத்தி, எடை கட்டித் தொங்கவிட்டார். ஒன்று வெறும் எஃகு. மற்றொன்றில் சிறிதளவு குரோமியம், மாலிப்டினம் என்ற உலோகங்கள் கலந்திருந்தன. முதல் நாள் இரண்டும் ஒன்றுபோலத் தாங்கின. விலை குறைந்த வெறும் எஃகே போதும் என்றார்கள் மேலதிகாரிகள். ஆண்டுக்கணக்கில் அனலில் கிடக்கப்போகும் குழாயை ஒரு நாள் பலத்தைப் பார்த்தா தேர்ந்தெடுப்பது என்று கேட்டார் இவர்.

பின்வரிசையில் யாரோ கேட்கிறீர்கள், இரும்பு நீளுமா என்று. நீளும் ஐயா. சுமையும் சூடும் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாமல் நீளும், நீண்டு மெலியும், மெலிந்து அறும்.

அந்த வேளையில்தான் இவருக்குச் செம்பட்டியில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேலையை விட்டு உடனே வரச் சொன்னார்கள். நடுவில் விட்டால் சோதனையே பாழாகும், கொஞ்சம் பொறுங்கள் என்று இவர் கேட்டார். சம்பந்தம் முறிந்தது.

நாம் என்ன செய்தோம்? ஆறுதல் சொன்னோமா? அரவணைத்தோமா? சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுவந்த தகப்பனிடம், "என்னப்பு, ஒம் மக இரும்புக்கு வாக்கப்பட்டுட்டாளாமே?" என்று கேட்டுச் சிரித்தோம். அவர் மூட்டையை இறக்காமலே வண்டியைத் திருப்பினார். அதன்பின் இந்தச் சந்தைக்கே வரவில்லை.

மாதங்கள் கடந்தன. வெறும் எஃகு நீண்டு அறுந்தது. கலவை எஃகு நிலைத்து நின்றது. அதிகாரிகள் தங்கள் முடிவை மாற்றிக்கொண்டார்கள். சோதனை அறையில் அறுந்தது அணு உலையில் அறுந்திருந்தால்?

நேற்று பெரியகருப்பனை அழைக்கப் போனேன். "மகளுக்கு மாலையப் போடுங்க. நான் வரலை. அம்புட்டுப் பேரு சிரிச்ச மொகமும் எனக்கு ஞாபகமிருக்கு" என்றார்.

வேண்டாம், யாரும் கைதட்டாதீர்கள். சகோதரி சம்மதித்தால், நாளைக் காலையில் ஊரோடு வடமதுரைக்குப் போவோம். பெரியகருப்பன் கதவைத் திறப்பாரா, தெரியாது. திறக்காவிட்டாலும் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்புவோம்.

சண்முகவள்ளி தலையசைக்கிறார். வர மனமுள்ளவர்கள் எழுந்து நில்லுங்கள்.

தலைவர் ரஹ்மத்துல்லாவே முதலில் எழுந்துவிட்டார். தாய்மார்களும் எழுகிறீர்கள். எழுந்தவர்களுக்கும், நாணத்தால் எழ முடியாமல் குனிந்திருப்பவர்களுக்கும் என் நன்றி, என் வணக்கம்.