பதின்மூன்றாம் தேதியின் காலி எண்

மேலே குறித்துள்ள பெயரும் முகவரியும் என்னுடையவைதான். வயது ஐம்பத்தொன்று. பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தின் தபால் பிரிவில் இருபத்தாறு வருடமாக எழுத்தராக இருக்கிறேன். எங்கள் அலுவலகப் பதிவேட்டில் நடந்த மோசடி பற்றி நேற்று நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு இடம் சரியில்லை. அதைத் திருத்திச் சொல்ல இன்று காலை நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

எங்கள் பிரிவில் முன்பு ஏழு பேர். ஓய்வு பெற்றவர்கள் இடத்துக்கு ஆள் போடாமல் விட்டதில் இப்போது கண்காணிப்பாளரும் நானும் மட்டும்தான். மற்ற ஐந்து நாற்காலிகளில் பழைய பதிவேடுகளை அடுக்கி வைத்திருக்கிறோம். வருகிற கோப்புகளுக்கு வரவுப் பதிவேட்டில் எண் போட்டு, தேதி எழுதி, சுருக்கொப்பம் இடுவது என் வேலை. ஒவ்வொரு நாள் கடைசியிலும் ஒரு எண்ணைக் காலியாக விடுவது எங்கள் பிரிவின் வழக்கம். அதிகாரிகள் மறந்துபோன கடிதம் மறுநாள் வந்தால் அதில் ஏற்றிக்கொள்வோம். மறுநாள் சாயங்காலம் வரை நிரம்பாத எண்ணைச் சிவப்பு மையில் அடித்துவிடுவேன். இது தப்பு என்று ஆய்வாளர் சொன்னார். தப்புதான், ஆனால் மறந்தது அவர்களாக இருந்தாலும் திட்டு எங்களுக்குத்தானே விழும்? காலி வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன், நிரப்பியதும் அழித்துவிடுவேன். இது நான் எனக்காக வைத்துக்கொண்ட பழக்கம். வேறு யாருக்கும் தெரியாது.

இந்த மாதம் பதினான்காம் தேதி காலை பதினொரு மணிக்கு அரசு உத்தரவு வந்தது. சம்பள உயர்வு கிடையாது, புது நியமனம் கிடையாது, தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்குவதும் கிடையாது, பதின்மூன்றாம் தேதிக்குள் எங்கள் பதிவேட்டில் ஏறிய கோப்புகளுக்கு மட்டும் விலக்கு என்று அதில் இருந்தது. அதன் பிறகு கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "நீங்களே ஒரு நடை போய் எல்லாத் துறைக்கும் குடுத்துட்டு வந்துடுங்கம்மா, பியூன்தான் இல்லையே" என்றார். வழக்கமாகப் போனில் சொல்லி அவரவரை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறவர் அவர். முப்பத்தொரு நகல்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு நாலரை மணிக்குத் திரும்பினேன். அதற்குள் பதிவேட்டு அலமாரியைப் பூட்டியிருந்தார். என் பேனா மேசையில் மூடியில்லாமல் கிடந்தது. நான் பேனாவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவள் இல்லை. "வெயில்ல அலைஞ்சிருக்கீங்க, கிளம்புங்க" என்று தன் காசில் எனக்குத் தேநீரும் வரவழைத்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனாலும் தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அலமாரி பூட்டியிருந்ததைச் சாக்காக வைத்துப் பதின்மூன்றாம் தேதிக் காலி எண்ணை அடிக்காமல் விட்டேன், அதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை அதே பல்கலைக்கழக நூலகத்தில் பன்னிரண்டு வருடமாகத் தினக்கூலி. அடுத்த மாதம் நாற்பத்தைந்து வயது முடிகிறது, அதற்கு மேல் நிரந்தரமாக்க விதியில் இடமில்லை. அவளுடைய கோப்பு நூலகரின் கையெழுத்துக்காக மூன்று வாரம் கிடந்தது. வேண்டுமென்றே வைத்திருந்தாரோ என்று அவர்மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிற மனிதர் அவர். பதினான்காம் தேதி சாயங்காலம் தங்கை என் வீட்டுக்கு வந்து, "அவ்வளவுதானாக்கா?" என்று கேட்டாள். "அழாதடி, என்கிட்ட ஒரு வரி இருக்கு" என்றேன்.

பதினைந்தாம் தேதி காலை அவள் கோப்பு என் மேசைக்கு வந்தது. மதியம் கண்காணிப்பாளர் சாப்பிடப் போன பிறகு பதின்மூன்றாம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். காலியாக விட்ட நானூற்றுப் பதினெட்டாம் எண் நிரம்பியிருந்தது. விடுதியில் இரண்டு வருடமாகத் தற்காலிகமாகத் தண்ணீர் மோட்டார் போடுகிறவரின் கோப்பு. அவர் கண்காணிப்பாளரின் மைத்துனர். எழுத்து என் எழுத்து மாதிரியே இருந்தது, சுருக்கொப்பமும் அப்படியே. ஓரத்தில் பென்சில் புள்ளி மட்டும் அழியாமல் இருந்தது.

பக்கங்களைச் சரிபார்த்தபோது தற்செயலாகப் பார்த்தேன் என்று நேற்று சொன்னேன். அது பொய். சரிபார்க்கப் போகிறவள் கையில் அழிப்பான் எதற்கு? என் கையில் பேனாவும் அழிப்பானும் தங்கையின் கோப்பும் இருந்தன. முன்தேதியிட்டு ஏற்றத்தான் போனேன். எனக்கு முன்னால் வேறொருவர் ஏற்றிவிட்டார்.

அலமாரிக்குச் சாவி இரண்டு. ஒன்று என் கைப்பையில், மற்றது கண்காணிப்பாளரிடம். அவர் எழுதியதை நான் கண்ணால் பார்க்கவில்லை, பார்த்தேன் என்று சொல்லவும் மாட்டேன். நான்தான் யாரிடமோ ஆதாயம் வாங்கிக்கொண்டு எழுதியதாக அவர் அலுவலகம் முழுக்கச் சொல்லி வருகிறார்.

நேற்று இங்கிருந்து நான் வீட்டுக்குப் போனபோது தங்கை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வரவில்லை. "யாருக்குக் குடுத்த அந்த வரிய?" என்று கேட்டாள். நான் எழுதவில்லை என்றேன். "பள்ளிக்கூடத்துல எனக்கு லீவு லெட்டர் எல்லாம் நீதானக்கா எழுதுவ, உன் எழுத்து எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு போன் செய்தால் எடுக்கவில்லை. ஊரே என்னைச் சந்தேகப்படட்டும், நானும் ஊரைச் சந்தேகப்படுகிறவள்தான். அவள் சந்தேகப்பட்டதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

புள்ளியைப் பற்றிச் சொன்னதே போதும், மற்றதையும் எழுதினால் என் வேலையும் போய்விடும் என்று ஆய்வாளர் எடுத்துச் சொன்னார். எனக்குப் புரிகிறது. இந்த வயதில் வேறு வேலை கிடைக்காது என்பதும் தெரியும். வாயால் சொன்னால் அவள் நம்ப மாட்டாள், தன் வேலையைப் பணயம் வைத்துச் சொன்னதையாவது நம்புவாள். அதனால் எழுதச் சொன்னேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "முன்தேதியிட்டு ஏற்றத்தான் போனேன்" என்ற வரியை எடுத்துவிடட்டுமா என்று ஆய்வாளர் மறுபடி கேட்டார். வேண்டாம் என்றேன். நடந்ததை நடந்தபடி, என் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்லிக் கையொப்பமிடுகிறேன். இதன் நகல் எனக்கு வேண்டாம், என் தங்கைக்குக் கொடுக்க வேண்டும்.

(கையொப்பம்)