கட்டுப் போட்ட கை

மாவுக்குள் கறி அடைத்துச் சுடுகிற பேஸ்டிக்குள் கேரட் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை. எங்கள் ஊர் எல்மா போடுவாள். கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், கொஞ்சம் மிளகு. அதற்கு மேல் என்ன வேண்டிக் கிடக்கிறது? கேரட் போட்டால் இனிக்கும். எல்மாவின் பேச்சு மாதிரி. இதைச் சாப்பிட்டுப் பாருங்கள். ஐஸ் ஹாக்கி கூடத்தில் என் கடையில் பதினாறு வருஷமாக விற்பதும் இதேதான்.

நீங்கள் லீக் அலுவலகத்து ஆள் என்பது வாசலில் காரை நிறுத்தும்போதே தெரிந்துவிட்டது. எதிரணி ஆட்டக்காரன் தெசோ விஷயமாகத்தானே? கடையில் இருந்த கிழவி சொல்லித்தான் அந்தக் கையை அடித்தேன் என்கிறானாம், ஒருத்தரும் நம்பவில்லையாம். பாவம், அவன் பொய் சொல்லவில்லை. கிழவி என்றதுதான் தப்பு. எனக்கு அறுபத்தொன்று.

அடிபட்ட டுவெய்ன் என் வீட்டு மாடியறையில்தான் மூன்று சீசன் இருந்தான். நம் ஊர் அணி வெளியூர் ஆட்டக்காரர்களை இப்படி வீடுகளில்தான் தங்க வைக்கும். கனடாவில் சஸ்காட்செவான் பக்கம் கோதுமைக்காட்டுப் பையன். இருபத்தேழு வயது, முன்வரிசை ஆட்டம், ஆறு வருஷத்தில் ஐந்து அணி. ஒருமுறை அவனைக் கொடுத்துவிட்டு ஒரு கோல்கீப்பரையும் இருபது மட்டைகளையும் வாங்கினார்களாம். அதைச் சொல்லி அவனே சிரிப்பான். "மட்டையெல்லாம் நல்ல மட்டை, மிஸஸ் பெல்டோலா" என்பான். பெரிய லீக்கில் ஒரே ஒரு ஆட்டம், ஒரே ஒரு நிமிஷம் ஆடினால் போதும் என்பதுதான் அவன் ஜென்ம ஆசை. அதற்காகப் பஸ்ஸிலேயே தூங்கிப் பஸ்ஸிலேயே விழித்தவன்.

அவன் காலை எத்தனை மணிக்கு எழுவான், அம்மாவுக்கு எந்தக் கிழமை போன் செய்வான், எந்தப் பல் கட்டின பல், எல்லாம் எனக்குத் தெரியும். பிப்ரவரியில் இடது மணிக்கட்டு எலும்பில் கீறல் விழுந்ததும் தெரியும். டாக்டர் ஆறு வாரம் ஆடாதே என்றார், இவன் கேட்கவில்லை. இது தெரிந்தது அணிக்குள் நாலு பேருக்கு, வெளியே எனக்கு மட்டும். பேப்பரில் 'மேலுடம்பில் காயம்' என்று மட்டும் போட்டார்கள். கழுத்திலிருந்து விரல் நுனிவரை எதுவாகவும் இருக்கலாமே. எங்கே வலிக்கிறது என்று தெரிந்தால் எதிரணிக்காரன் அங்கேதானே அடிப்பான். அதனால்தான் ஆட்டத்துக்கு ஆட்டம் நல்ல கைக்கு, அதாவது வலது கைக்கு, கையுறைக்கு வெளியே தெரிகிற மாதிரி மொத்தமாகக் கட்டுப் போடுவோம். இந்த மேஜைமேல்தான். என் கையால்தான். அப்போதெல்லாம் நான் வாயைத் திறந்தேனா? எல்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை ரொட்டிக்கடையில் வரிசையில் நிற்கிறேன். எல்மா பின்னால் வந்து நின்றாள்.

"என்னடி ஹில்யா, உன் செல்லப்பிள்ளை திங்கக்கிழமை பெரிய லீக்குக்குப் போறானாமே. வீடு வெறிச்சுனு ஆயிடும், இல்ல?"

"ஆமா, என்ன பண்றது" என்றேன்.

"ஐயோ, உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன."

"மூஞ்சியப் பார்த்தாலே தெரியுதே. எங்க வீட்டுக்காரர்தானே அவங்க பஸ்ஸ ஓட்டுறாரு, அவர்கிட்ட சொல்லியிருக்கான். ஹில்யாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்கன்னானாம். அவங்ககிட்டச் சொல்றதும் சர்ச் மணிய அடிக்கிறதும் ஒண்ணுன்னு."

வரிசையில் இருந்த மூன்று பேர் சிரித்தார்கள். ரொட்டிக்காரனும் சிரித்தான். இந்த ஊரில் சேதி என் அடுக்களையிலிருந்துதான் வெளியே போகும். வெளியிலிருந்து என்னிடம் வந்ததாகச் சரித்திரம் இல்லை. மூன்று வருஷம் என் உப்பைத் தின்றவன் பஸ் ஓட்டுகிறவனிடம் சொல்லியிருக்கிறான்.

ஆனாலும் அவனுக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தேன். யாரும் என்னை அவசரக்காரி என்று சொல்லக் கூடாது. சனிக்கிழமை காலை, கடைசி ஆட்டத்துக்குக் கட்டுப் போடும்போது கேட்டேன்: "திங்கக்கிழமைக்கு என்னப்பா சமைக்கட்டும்?"

"எதுவானாலும் சரி, மிஸஸ் பெல்டோலா."

"மீன் குழம்பு வைக்கவா? உனக்குப் பிடிக்குமே."

"வைங்க" என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். நான் கட்டை இன்னொரு சுற்றுச் சுற்றினேன், ஒழுங்காக.

அன்றைக்கு அவன் ஆடாமல் உட்கார்ந்திருந்தால், ஏன் என்று பெரிய லீக்காரர்கள் கேட்பார்கள். எலும்பில் கீறல் என்று தெரிந்தால் திங்கட்கிழமை இல்லை, எந்தக் கிழமையும் இல்லை. ஆடியே ஆக வேண்டும், இடது கையில் அடி விழாமல் ஆட வேண்டும். அவ்வளவுதான். ஒரே ஒரு சாயங்காலம்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தெசோ இரண்டு பகுதி ஆட்டமும் வலது கையையே குறிவைத்து மட்டையால் தட்டிக்கொண்டிருந்தான். டுவெய்ன் வலிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்தான். நல்ல நடிகன், அதை நான் அன்றைக்குக் காலையிலேயே தெரிந்துகொண்டேன். ஒரு கோலும் போட்டான்.

இரண்டாவது இடைவேளையில் எதிரணிக்காரர்கள் என் கடையை ஒட்டித்தான் உடை மாற்றும் அறைக்குப் போக வேண்டும். பழைய கட்டடம், வேறு வழி கிடையாது. முதலில் உங்களிடம், அவன் கேட்டான் நான் சொன்னேன் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அவன் கேட்கவில்லை. நான்தான் கூப்பிட்டேன்.

"தம்பி, தப்பான கையை அடிக்கிற."

"என்ன பாட்டி?"

"கட்டுப் போட்டது நல்ல கை. இடது மணிக்கட்டு."

அவன் என் கழுத்தில் இருந்த எங்கள் அணித் துண்டைப் பார்த்தான். "நீங்க இந்த ஊர்தானே?"

"பொறந்ததுலேர்ந்து" என்றேன்.

மூன்றாம் பகுதி தொடங்கி நாலு நிமிஷம் இருக்கும். மட்டையை இரண்டு கையாலும் ஓங்கினான். சத்தம் என் கடைவரை கேட்டது. அதற்கப்புறம் எல்லோரும் ஒரேயடியாக எழுந்து வந்து என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று என்னிடம்தான் கேட்டார்கள். என்னிடம்தான். பேஸ்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை.

என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன். முப்பது வருஷமாக இந்த ஆட்டம் பார்க்கிறேன்; ஒரு முன்வரிசைக்காரனுக்கு மணிக்கட்டு என்ன பெறும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லையே. நல்ல கையில் கட்டுப் போட்டது பொய். மீன் குழம்பு வைங்க என்றது பொய். தெசோவை மட்டும் தள்ளிவைத்தால் நியாயமாகாது. வேண்டுமானால் என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். பெல்டோலா. 'ஓ' நெடில்.

அவன் இங்கே திரும்பி வரவில்லை. சாமான்களை எடுக்கவும் வேறு ஆளைத்தான் அனுப்பினான். ஆஸ்பத்திரிக்குப் பேஸ்டி எடுத்துக்கொண்டு போனேன். உறவுக்காரர்களுக்குத்தான் விவரம் சொல்வோம் என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். கம்பி வைத்திருக்கிறார்கள் என்று ஒருத்தி சொல்கிறாள், விரல் மடங்கவில்லை என்று இன்னொருத்தி. எல்மாவுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். நீங்கள் டாக்டரிடம் பேசிவிட்டுத்தானே வந்திருப்பீர்கள். இனி அவன் ஆடுவானா, மாட்டானா? என்னிடம் சொல்லுங்கள். என் வாயைவிட்டு ஒரு வார்த்தை வெளியே போகாது.